மலையும் நீரும் அரூபமான கதை

1966-ஆம் ஆண்டு சீனாவில் கலாச்சாரப் புரட்சி தொடங்கியபோது, பீஜிங்கில் இருந்த ஒரு ஓவிய ஆசிரியர் தன் படங்களைத் தானே அழித்தார். எல்லாம் நிர்வாண ஓவியங்கள். பாரீஸில் படித்த காலத்தின் மிச்சம். செங்காவலர்கள் வீடு வீடாகப் புகுந்து சோதனை போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அவர்கள் கையில் அந்தப் படங்கள் சிக்கினால் வரைந்தவரின் கதி என்ன என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர் பெயர் வூ குவான்சோங்.

அதே நேரத்தில் பாரீஸில் அவருடைய பழைய கல்லூரித் தோழர்கள் இருவர், ஜாவோ வூ-கியும் சூ தே-சுன்னும், பெரிய பெரிய கித்தான்களில் நிம்மதியாக அரூப ஓவியம் வரைந்துகொண்டிருந்தார்கள். மூவரும் ஒரே ஏரிக்கரைக் கல்லூரியில் படித்தவர்கள். மூவருக்கும் முதல்வர் ஒருவரே. சீன நிலக்காட்சி ஓவியத்தையும் நவீன அரூப ஓவியத்தையும் ஒன்றாகச் சேர்த்தவர்கள் யார் என்று கேட்டால் இந்த மூன்று பெயரும் கட்டாயம் வரும். ‘கிழக்கும் மேற்கும் கலந்தன’ என்று ஒரே வரியில் இதைச் சொல்லிவிடுவது வழக்கம். அப்படிச் சொல்வது தவறில்லை. ஆனால் எது எதோடு கலந்தது, எங்கே கலந்தது, அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதெல்லாம் அந்த வரியில் வராது.

முதலில் அந்தப் பழைய ஓவியம் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். இல்லையென்றால் பின்னால் வரும் சண்டைகள் புரியாது.

சீன மொழியில் நிலக்காட்சி ஓவியத்துக்கு ‘ஷான் ஷுய்’ என்று பெயர். ஷான் என்றால் மலை, ஷுய் என்றால் நீர். பழைய ஓவியர் மலைக்கு எதிரே உட்கார்ந்து, கண்ணால் கண்டதை அப்படியே வரைகிறவர் அல்ல. மலையில் நடப்பார், சுற்றுவார், அடிவாரத்திலிருந்து அண்ணாந்து பார்ப்பார், உச்சியிலிருந்து குனிந்து பார்ப்பார். பிறகு வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து வரைவார். அதனால் இந்தப் படங்களில் ஒற்றைப் பார்வைக் கோணம் என்பதே கிடையாது. தைப்பே அரண்மனை அருங்காட்சியகத்தில் குவோ ஷி 1072ல் வரைந்த ‘இளவேனில் தொடக்கம்’ என்ற படம் இருக்கிறது. அதைப் பார்க்கிறவரின் கண் ஓரிடத்தில் நிற்காது. பாதையைப் பிடித்து ஏறும், பனிமூட்டத்தில் தொலையும், வேறொரு சிகரத்தில் போய் வெளிப்படும்.

அந்தப் பனிமூட்டத்தை வரைய மை தேவையில்லை. ஓவியர் தொடாமல் விட்ட வெற்றுத் தாள்தான் பனி. அதே வெற்றுத் தாள் இன்னொரு இடத்தில் ஆறாகும், வேறொரு இடத்தில் வானமாகும். பாறையின் சொரசொரப்பைக் காட்டும் தூரிகைக் கோடுகளுக்குத் தனித்தனிப் பெயரே உண்டு: சணல் நார்க் கோடு, கோடரி வெட்டுக் கோடு என்று பல. தூரிகையும் மையும் சேர்ந்த இந்தக் கைத்திறனை ‘பீமோ’ என்பார்கள். படத்தில் மலை சரியாக வந்திருக்கிறதா என்பதைவிட, கோட்டில் உயிர் இருக்கிறதா என்றுதான் ரசிகர்கள் பார்த்தார்கள். யோசித்தால், அரூப ஓவியத்துக்கான பாதிச் சரக்கு இங்கேயே இருந்திருக்கிறது!

ஆனால் நூற்றாண்டுகள் போகப் போக இதுவே வாய்ப்பாடாகிப் போனது. 1679ல் ‘கடுகு விதைத் தோட்டம்’ என்ற பெயரில் ஒரு ஓவியக் கையேடு அச்சில் வரத் தொடங்கியது. மரம் என்றால் இப்படி, பாறை என்றால் இப்படி, பாலத்தில் போகும் கிழவர் என்றால் இப்படி என்று எல்லாவற்றுக்கும் மாதிரி அதில் இருந்தது. தலைமுறை தலைமுறையாக அதைப் பார்த்து வரைந்து பழகினார்கள். மலையையே பார்க்காமல் மலை வரையலாம் என்ற நிலைமை.

இதை உடைக்க வேண்டும் என்று நினைத்தவர்களில் ஒருவர் லின் ஃபெங்மியான். பிரான்ஸில் படித்துத் திரும்பியவர். கல்வியாளர் சாய் யுவான்பெய் 1928ல் ஹாங்சோ நகரில், மேற்கு ஏரியின் கரையில், தேசியக் கலைக் கல்லூரியைத் தொடங்கியபோது லின்னைத்தான் முதல்வர் ஆக்கினார். லின்னுக்கு அப்போது முப்பது வயது கூட ஆகவில்லை. சீன ஓவியமும் மேற்கத்திய ஓவியமும் ஒரே மாணவருக்கு ஒரே கூரையின் கீழ் என்பது அவர் திட்டம். தைல வண்ணம் சொல்லிக்கொடுக்க பிரான்ஸில் படித்தவர்கள் இருந்தார்கள். மை ஓவியம் சொல்லிக்கொடுக்க பான் தியன்ஷோ இருந்தார்.

1935ல் ஜாவோ வூ-கியும் சூ தே-சுன்னும் அங்கே சேர்ந்தார்கள். ஜாவோ வசதியான வங்கியாளர் வீட்டுப் பிள்ளை. வயது பதினைந்துதான். வூ குவான்சோங் அப்போது ஓவியம் படிக்கவே இல்லை. கிராமத்துப் பள்ளி ஆசிரியரின் மகனான அவர் மின் பொறியியல் படித்துக்கொண்டிருந்தார். படித்து முடித்ததும் வேலை உறுதி. அந்தக் கோடையில் மாணவர்களுக்கான ராணுவப் பயிற்சி முகாமில் சூ தே-சுன்னும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க நேர்ந்தது. சூ ஒருநாள் தன் கல்லூரியைச் சுற்றிக் காட்டினார். அவ்வளவுதான். 1936ல் பொறியியலைத் தலைமுழுகிவிட்டு, அப்பா எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், வூ அங்கே வந்து சேர்ந்துவிட்டார். (பொறியியல் படித்துக்கொண்டே வேறு கனவு காண்கிறவர்கள் இந்த இடத்தில் பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.)

மறுவருடமே ஜப்பானோடு போர் மூண்டது. கல்லூரி மூட்டை முடிச்சோடு உள்நாட்டுக்கு நகர்ந்தது. ஊர் ஊராக ஓடிக்கொண்டே படித்தார்கள். 1938ல் லின் ஃபெங்மியான் முதல்வர் பதவியிலிருந்து விலகிவிட்டார். போர் முடிந்தபின் வூ அரசு உதவித்தொகைத் தேர்வில் தேறி 1947ல் பாரீஸ் போனார். ஜாவோ 1948ல் போனார். சூ 1949ல் தைவானுக்குப் போய், அங்கே ஆசிரியராக இருந்துவிட்டு, 1955ல் பாரீஸ் போய்ச் சேர்ந்தார்.

வூவுக்கு பாரீஸ் பிடித்திருந்தது. அங்கேயே இருந்துவிடலாமா என்று நண்பர்களோடு இரவெல்லாம் பேசினார்கள். ஊரில் மனைவியும், அவர் கப்பல் ஏறியபின் பிறந்த மகனும் இருந்தார்கள். புதிய சீனா பிறந்திருந்தது. தான் வரைய வேண்டிய மண்ணும் மக்களும் அங்கேதான் என்று அவருக்குத் தோன்றியது. 1950ல் திரும்பிவிட்டார். ஜாவோ திரும்பவில்லை.

பீஜிங் மத்திய நுண்கலைக் கல்லூரியில் வூவுக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது. பிரான்ஸிலிருந்து கொண்டுவந்த படப் புத்தகங்களை ஆசையாக மாணவர்களிடம் காட்டினார். மாணவர்கள் திருப்பிக் கேட்டது: “ரெபின் படம் இருக்கிறதா?” ரெபின் யார் என்றே வூவுக்குத் தெரியாது. இலியா ரெபின் பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்ய யதார்த்த ஓவியர். சோவியத் பாணிதான் அன்றைய சீனக் கல்லூரிகளில் வேதம். வூ மூன்று வருடம் பாரீஸில் இருந்துவிட்டு, ரெபின் யார் என்று விசாரித்து பாரீஸ் நண்பருக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று!

வடிவம், கோடு, வண்ணம் என்று வாய் திறந்தாலே ‘வடிவவாதி’ என்று முத்திரை குத்தினார்கள். அன்றைக்கு அது கெட்ட வார்த்தை. 1953ல் அவரை சிங்ஹுவா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைத் துறைக்கு மாற்றினார்கள். அவர் வரைந்த மனிதர்களைப் பார்த்து, தொழிலாளியையும் விவசாயியையும் அசிங்கப்படுத்துகிறார் என்றார்கள். சொன்னபடி மாற்றி வரைய அவருக்கு மனம் வரவில்லை. மனிதர்களை விட்டுவிட்டு மலைக்கும் மரத்துக்கும் திரும்பினார். மரத்தை எப்படி வளைத்து வரைந்தாலும் அது எந்த வர்க்கத்தை அவமதிக்கிறது என்று கண்டுபிடிப்பது சிரமம்.

இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். வூ நிலக்காட்சி ஓவியர் ஆனதற்கு இயற்கை மேல் இருந்த காதல் மட்டும் காரணம் இல்லை. மற்ற கதவுகள் சாத்தப்பட்டுவிட்டன என்பதும் காரணம். பழைய சீனாவிலும் இது நடந்திருக்கிறது. மங்கோலியர் ஆண்ட யுவான் காலத்தில் பதவியை விட்டு ஒதுங்கிய படிப்பாளிகள் மலையையும் நீரையும் வரைந்துகொண்டு காலம் கழித்தார்கள். அவர்களில் பெரியவர் நீ சான். அவர் படங்களில் ஆளே இருக்கமாட்டார்கள்.

பாரீஸில் ஜாவோவின் பிரச்சினை நேர் எதிர். அவரை யாரும் அதட்டவில்லை. ஆனால் சீனாக்காரர் என்றதும் மூங்கிலும் மையும் எதிர்பார்த்தார்கள். அந்த அலங்காரச் சரக்கை விற்கக்கூடாது என்பதற்காகவே அவர் மையைத் தொடாமல் தைல வண்ணத்தில் வேலை செய்தார். 1951ல் சுவிட்சர்லாந்தில் பால் க்ளேயின் ஓவியங்களைப் பார்த்தார். சின்னச் சின்ன அடையாளங்களால் ஆன ஒரு உலகம். வேடிக்கை என்னவென்றால், க்ளேயே சீனக் கவிதைகளைப் படித்து அதில் ஊறியவர். ஆக, ஜாவோ மேற்கிலிருந்து எடுத்ததாக நினைத்த பொருளில் கொஞ்சம் அவருடைய சொந்த வீட்டுப் பொருளே கலந்திருந்தது. 1954ல் ‘காற்று’ என்ற படத்தில் உருவங்கள் மறைந்தன. பழைய சீன எழுத்துக்களைப் போன்ற குறிகள் மட்டும் மிதந்தன. பிறகு அந்தக் குறிகளும் கரைந்தன. 1950களின் கடைசியிலிருந்து படங்களுக்குத் தலைப்பு வைப்பதையே பெரும்பாலும் விட்டுவிட்டு, முடித்த தேதியை மட்டும் போட்டார்.

அந்தப் படங்களில் மலை இல்லை, நீர் இல்லை. ஆனால் ஷான் ஷுய் பார்த்துப் பழகிய கண்ணுக்கு உடனே தெரியும்: நடுவில் வண்ணங்கள் புயலாக மோதும் இடம், மேலும் கீழும் விட்டுவைத்த வெளி, எங்கிருந்து பார்ப்பது என்று சொல்லாத ஆழம். தன்னைச் சீனாவுக்குத் திரும்பக் கூட்டிப்போனது பாரீஸ்தான் என்று ஜாவோ ஒப்புக்கொண்டிருக்கிறார். 1971ல் மனைவி மே கடுமையாக நோயுற்றிருந்தபோது பெரிய கித்தான்களில் வேலை செய்ய அவரால் முடியவில்லை. கவிஞரும் ஓவியருமான நண்பர் ஆன்ரி மிஷோ, மையை எடுத்துப் பாருங்கள் என்று தூண்டினார். இருபது வருடத்துக்கு மேல் ஒதுக்கி வைத்த மை அப்படித்தான் திரும்ப வந்தது. 1972ல் மே இறந்தார். அந்த வருடம், 24 ஆண்டுகளுக்குப் பிறகு, ஜாவோ சீனா போய்த் தன் குடும்பத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

சூ தே-சுன் கதை சுருக்கமானது. 1956ல் பாரீஸில் நிகொலா த ஸ்தாயெலின் நினைவுக் கண்காட்சியைப் பார்த்தார், உருவ ஓவியத்தை விட்டார். 1980களில் ஆல்ப்ஸ் பனியைப் பார்த்தபின் வரைந்த பனிக்காட்சிகள்தான் அவருடைய ஆகச் சிறந்த வேலை என்று தோன்றுகிறது. வெள்ளைப் புள்ளிகள் சிதறிப் பறக்கும் இருட்டு. 1997ல் பிரெஞ்சு நுண்கலை அகாதமி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. சீனாவில் பிறந்த ஒருவருக்கு அந்த இடம் கிடைத்தது அதுவே முதல்முறை. 2002ல் ஜாவோவும் அங்கே போனார்.

இந்த மூவர் மட்டும்தான் இதைச் செய்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கண் பார்வை கெட்ட பின் ஜாங் தாசியான் தாளில் மையையும் நீல, பச்சை வண்ணங்களையும் ஊற்றிப் பரவவிட்டு மலை செய்தார். இதை மேற்கிலிருந்து கற்றீர்களா என்றால், தாங் காலத்திலேயே எங்கள் ஆட்கள் மையை வீசி வரைந்தார்கள் என்பார். தைவானில் லியூ குவோ-சுங் நார் கலந்த முரட்டுத் தாளைச் செய்வித்து, மை பூசியபின் நார்களைப் பிய்த்து எடுத்து, அந்த வெள்ளைத் தழும்புகளால் மலை வரைந்தார். இவர்கள் எல்லாம் வெளியே இருந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் நிலைமை வேறு.

முதல்வர் லின் ஃபெங்மியான் ஷாங்காயில் இருந்தார். கலாச்சாரப் புரட்சியின்போது அவர் தன் மை ஓவியங்களைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கிக் கழிப்பறையில் கொட்டினார். அப்படியும் தப்பவில்லை, 1968லிருந்து நான்கு வருடம் சிறை. பான் தியன்ஷோ அவமானப்படுத்தப்பட்டு 1971ல் இறந்தார். வூ 1970ல் ஹெபெய் மாகாணத்தில் ஒரு கிராமத்துக்கு வயல் வேலைக்கு அனுப்பப்பட்டார். வரையத் தடை, பாடம் நடத்தத் தடை. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வரையலாம் என்று சலுகை கிடைத்தது. ஈசல் கிடையாது. ஊரில் சாணம் அள்ளும் கூடை ஒன்று, உயரமான கைப்பிடியோடு இருந்தது. அதன் மேல் படத்தைச் சாய்த்து வைத்து வரைந்தார். பார்த்தவர்கள் ‘சாணிக்கூடை ஓவியர்’ என்று பெயர் வைத்தார்கள். சோளக் கொல்லை, பூசணிக்கொடி, பருத்தி என்று கண்ணெதிரே இருந்ததை எல்லாம் வரைந்தார். கித்தான் கிடைக்காமல் அட்டையில் வரைந்த படங்கள்.

1973ல் பீஜிங் ஓட்டலுக்கு யாங்சி நதியைச் சுவரோவியமாக வரைய அவரைக் கூப்பிட்டார்கள். மூன்று ஓவியர்களோடு சேர்ந்து நதி நெடுகப் போய்க் கோட்டோவியங்கள் சேர்த்தார். முடிப்பதற்குள் ‘கறுப்பு ஓவியங்கள்’ எதிர்ப்பு இயக்கம் கிளம்பி, வேலை நின்றுபோனது. ஆனால் அந்த வருடங்களில்தான் தைல வண்ணத்தோடு மையையும் தீவிரமாகக் கையில் எடுத்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

மாவோ இறந்து மூன்று வருடம் ஆனதும் வூ பேச ஆரம்பித்தார். 1979ல் ‘மெய்ஷு’ இதழில் ஓவியத்தின் வடிவ அழகு பற்றி ஒரு கட்டுரை. 1980ல் அதே இதழில் அரூப அழகு பற்றி இன்னொன்று. உள்ளடக்கம்தான் வடிவத்தைத் தீர்மானிக்கும் என்பது முப்பது வருடமாக யாரும் தொடாத சட்டம். அதில் கை வைத்தார். அரூபம் என்பது முதலாளித்துவ நாடுகளின் நோய் என்றவர்களுக்கு அவர் தந்த பதில் கெட்டிக்காரத்தனமானது. நம் தோட்டங்களில் நிறுத்தி வைத்திருக்கும் பாறைகள் எதைப் போல இருக்கின்றன? எதைப் போலவும் இல்லை, ஆனாலும் அழகு. கையெழுத்துக் கலையில் கோடு எதைக் காட்டுகிறது? எதையும் காட்டவில்லை, ஆனாலும் அழகு. அப்படியென்றால் அரூபம் நம் கொல்லைப்புறத்திலேயே கிடக்கிறதே என்றார். விவாதம் வருடக்கணக்கில் நடந்தது.

ஆனால் வூ, ஜாவோ போன அளவுக்குப் போக மறுத்தார். 1983ல் இதற்கு அவர் சொன்ன உவமை பட்டம். படம் எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் பறக்கட்டும், அது பிறந்த மண்ணோடும் சாதாரண மக்களின் உணர்வோடும் கட்டிய நூல் அறுந்துவிடக்கூடாது. எந்த மக்களின் பெயரைச் சொல்லி அவர் வாயை அடைத்தார்களோ, அதே மக்கள் மேல் அவருக்கு இவ்வளவு நம்பிக்கை மிச்சம் இருந்தது ஆச்சரியம்தான்.

அதே வருடம் வரைந்த ‘சிங்க வனம்’ படத்தைப் பார்த்தால் நூல் எங்கே கட்டியிருக்கிறது என்று தெரியும். சூசோ நகரில் இருக்கும் பழைய பாறைத் தோட்டம் அது. (நீ சான் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் தோட்டம்.) படத்தின் பெரும்பகுதியில் வளைந்து நெளிந்து ஓடும் கோடுகளும் தெறித்த வண்ணப் புள்ளிகளும் மட்டும்தான். பாறை என்று யாரும் சொல்லாவிட்டால் முழு அரூபம். அந்தப் பெரிய பரப்பின் ஓரத்தில் சின்னதாக மண்டபம், அடியில் குளத்து மீன்கள். அவற்றை மறைத்துவிட்டுப் பார்த்தால் படம் எங்கோ பறந்துவிடும். ஜாவோ அந்த மீன்களை வரைந்திருக்கமாட்டார். வூவால் அவற்றை விட முடியவில்லை.

1981ல் வரைந்த ‘இரண்டு தூக்கணாங்குருவிகள்’ இன்னும் எளிமை. யாங்சிக்குத் தெற்கே உள்ள ஊர் வீடு: அகலமான வெள்ளைச் சுவர், கறுப்பு ஓட்டு விளிம்பு, இருண்ட வாசல், இலையில்லாத மரம், ஓரமாக இரண்டு பறவை. மோந்திரியானின் கட்டங்களை நினைவுபடுத்தும் படம். சுவரின் வெள்ளை, ஷான் ஷுய் படத்தின் பனிமூட்டத்தைப் போலவே தொடாத தாள். அதே வீட்டுப் பாணியை 1988ல் திரும்ப வரைந்தபோது விவரங்கள் குறைந்தன. 1996ல் ‘ஜியாங்நான் நினைவு’ என்று வரைந்தபோது சில கோடுகளும் சில கறுப்புப் புள்ளிகளும்தான் மிச்சம். முதல் படத்தைப் பார்க்காதவருக்கு அது வீடு என்றே தெரியாது. எழுபத்தேழு வயதில் நூலை எவ்வளவு தூரம் விட்டுப்பார்க்கலாம் என்று பார்த்திருக்கிறார்.

1991ல் தனக்குத் திருப்தி தராத இருநூறுக்கும் மேற்பட்ட படங்களைத் தேர்ந்தெடுத்து வூ எரித்தார். அந்தச் சமயத்தில் அவர் படங்களுக்கு நல்ல விலை. இந்தமுறை யாரும் கதவைத் தட்டவில்லை. மறுவருடம் பிரிட்டிஷ் மியூசியம் அவருக்குத் தனிக்கண்காட்சி வைத்தது. உயிரோடு இருக்கும் சீன ஓவியர் ஒருவருக்கு அங்கே அப்படி நடந்தது அதுவே முதல்முறை. ஆனால் உள்ளூரில் அதே 1992ல் பெரிய வம்பை விலைக்கு வாங்கினார். ‘பீமோ என்பது பூஜ்யம்’ என்று ஒரு கட்டுரை. குறிப்பிட்ட ஒரு படத்திலிருந்து பிரித்தெடுத்து, தூரிகைத் திறனுக்கு மட்டும் தனியாக மதிப்புப் போட முடியாது என்பதுதான் அவர் சொன்னது. தலைப்பை மட்டும் படித்தவர்களுக்கு ஆயிரம் வருடப் பாரம்பரியத்தைப் பூஜ்யம் என்றது போலக் கேட்டது. அவரோடு நீண்டகாலம் பணியாற்றிய ஜாங் திங் என்ற மூத்த ஓவியரே 1990களின் இறுதியில், பீமோதான் சீன ஓவியத்தின் அடித்தளம், அதைவிட்டுக் கீழே இறங்க முடியாது என்று எதிர்த்தார். ஜாங் திங் பக்கமும் நியாயம் இருக்கிறது. கோட்டின் உயிரை அடையாளம் காணத் தெரியாத தலைமுறைக்கு நீ சானின் படம் வெறும் மரமும் கல்லுமாகத்தான் தெரியும். ஆனால் கையேட்டைப் பார்த்து மலை வரைந்த காலத்தை நினைத்தால் வூவின் கோபமும் புரிகிறது.

மூவரும் கடைசியில் அவரவர் இடத்தில் முடிந்தார்கள். வூ 2010ல் பீஜிங்கில். ஜாவோ 2013ல் சுவிட்சர்லாந்தில். சூ 2014ல் பாரீஸில். லின் ஃபெங்மியான் இவர்களுக்கு முன்பே, 1991ல், ஹாங்காங்கில்.

சிங்கப்பூர்வாசிகளுக்கு ஒரு உபரித் தகவல். கட்டடக் கலைஞர் ஐ.எம்.பெய் தான் வடிவமைத்த ராஃபிள்ஸ் சிட்டிக்காக 1985ல் ஜாவோவிடம் ஒரு படம் கேட்டு வாங்கினார். மூன்று பலகைகள், பத்து மீட்டர் அகலம், ஜாவோ வரைந்ததிலேயே மிகப் பெரியது. சுமார் இருபது வருடம் அங்கே இருந்துவிட்டுக் கைமாறி, 2018ல் ஹாங்காங் ஏலத்தில் 51 கோடி ஹாங்காங் டாலருக்குப் போனது. வூ 2008ல் தன் படங்களில் 113ஐ சிங்கப்பூர் கலை அருங்காட்சியகத்துக்குக் காசு வாங்காமல் கொடுத்தார். 2015ல் திறந்த தேசியக் கலைக்கூடத்தில் அவர் பெயரிலேயே ஒரு காட்சிக்கூடம் அமைத்தார்கள். இந்த ஐ.எம்.பெய்யின் குடும்பத்துக்குச் சூசோவில் ஒரு தோட்டம் சொந்தமாக இருந்தது. சிறுவயதில் கோடை விடுமுறைக்கு அங்கேதான் போவார், அந்தப் பாறைகளுக்குள் புகுந்து விளையாடுவார். தோட்டத்தின் பெயர் சிங்க வனம்.